கொழுக்கிக்குப் பூட்டு, சில்லுக்குப் பூட்டு: வாசகர் கேள்வி - பதில்

உணவு வண்டி, உழவு இயந்திரப் பெட்டி, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கரவன் (படுக்கை, அடுப்போடு இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டி) என்று வீட்டு வளவில் நிற்கும் இழுவை வண்டிகள் களவு போகாமல் பார்ப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். எஞ்சின் உள்ள வாகனத்தைக் கிளப்பத் திறப்பு வேண்டும். இவற்றுக்கு அதுவும் தேவையில்லை. கொழுவி இழுத்தால் வந்துவிடும்.

மாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோகும் கொத்துரொட்டி வண்டியை இரவில் வீட்டு முற்றத்தில் விடுகிறோம். இழுக்கும் வாகனத்தின் பின்னாலுள்ள 50 மில்லிமீற்றர் உருண்டையில் கொழுவும் வண்டி. அந்தக் கொழுக்கிக்குப் பூட்டு வாங்கிப் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்கிறார் கணவர். அது போதுமா?
*வாசகி, கல்லடி*

போதாது. கொழுக்கிப் பூட்டு செய்கிற வேலை ஒன்றுதான்: உருண்டையை உள்ளே போகவிடாது. கள்ளனுக்கு உருண்டை வேண்டியதில்லையே. முன்பக்க முக்கோணச் சட்டத்தில் ஒரு சங்கிலியைச் சுற்றி, சிறிய பட்டா லொறியின் பின்னால் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு கிலோமீற்றர் தள்ளி, ஆளில்லாத இடத்தில் வைத்து ஆறுதலாகப் பூட்டை அறுக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கொழுக்கித் தலை பெரும்பாலும் இரண்டே இரண்டு போல்ட்டில்தான் சட்டத்தோடு நிற்கிறது. ஸ்பேனர் இருந்தால் தலையைப் பூட்டோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த தலையை மாட்டலாம். உங்கள் வண்டியைக் குனிந்து பாருங்கள். பூட்டுப் போட்ட பிறகும் அந்தப் போல்ட் தலைகள் வெளியே தெரிந்தால் அது பாதிப் பூட்டுத்தான். போல்ட் தலைகளையும் மூடும் பெட்டி வடிவப் பூட்டை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், இறுக்கி முடிந்ததும் தலை முறிந்து விழுகிற நட்டைப் போடலாம். வார்ப்பிரும்புத் தலையைச் சட்டத்தோடு வெல்டிங் பண்ணிவிடுவோம் என்று மட்டும் போகாதீர்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் வெடிக்கும். அந்த வெடிப்பு அன்றைக்குத் தெரியாது, வீதியில் பாரம் இழுக்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே காசு போடவேண்டிய ஒழுங்கு இது: முதலில் சில்லுப் பூட்டு, அடுத்தது நிலத்தோடு கட்டும் சங்கிலி, கொழுக்கிப் பூட்டு மூன்றாவது. நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சில்லுப் பூட்டு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அதன் தட்டு சில்லு நட்டுகளை முழுதாக மூடவேண்டும். மூடாவிட்டால் சில்லைக் கழற்றி வேறு சில்லைப் போட்டுவிடுவான். அடுத்தது, பூட்டின் கை டயரை மட்டும் கவ்வாமல் ரிம்மின் பின்பக்கம் வரை போய்ப் பிடிக்கவேண்டும். சோதிப்பது சுலபம். வண்டி அசையாதபடி அணைகொடுத்துவிட்டு, பூட்டைப் போட்டு டயரின் காற்றை முழுதாக இறக்குங்கள். பூட்டை ஆட்டி இழுத்துப் பாருங்கள். கையோடு கழன்று வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். விலை மலிந்த மஞ்சள் நிறப் பூட்டுகள் அநேகமாக இந்தச் சோதனையில்தான் விழும்.

நிறுத்தும் திசையையும் மாற்றுங்கள். கொழுக்கி கேற்றைப் பார்த்து நிற்கிறதென்றால், கள்ளன் லொறியைப் பின்னுக்கு விட்டுக் கொழுவ நீங்களே வசதி செய்து கொடுத்த மாதிரி. கொழுக்கியை மதிலுக்கு ஒன்றரை அடி கிட்ட, மதிலைப் பார்த்தபடி விடுங்கள். அப்போது வண்டியைக் கையால் திருப்பித்தான் வெளியே எடுக்கவேண்டும். சில்லும் பூட்டியிருந்தால் திரும்பாது. பூட்டாவிட்டால் அரைத் தொன் வண்டியை மூன்று பேர் திருப்பிவிடுவார்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். காஸ் சிலிண்டரை வண்டியில் விடாதீர்கள். வண்டியைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காகப் படுக்கை அறைக்குள் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையிலேயே தேங்கி நிற்கும். காற்றோட்டமான கம்பிக்கூட்டுக்குள் நிமிர்த்தி வைத்துப் பூட்டுங்கள்.

எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். சங்கிலி கட்ட இரும்புக் கம்பி அடித்தால் கையால் ஆட்டிப் பிடுங்க வருகிறது. என்ன செய்யலாம்?
*வாசகர், நாவற்குடா*

மணலில் அடித்த கம்பி எதுவும் நிற்காது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை முழுக்க இதே கதைதான். பிடிமானத்தை மணலிடம் எதிர்பார்க்காமல் பாரத்தைக் கொண்டு எடுக்கவேண்டும். அதாவது கொங்கிரீட் கட்டி.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடியாகக் கிடங்கு வெட்டுங்கள். அடியில் சுற்றிவர மூன்று அங்குலம் கூட்டி, மேலே ஒடுங்கி வருமாறு வெட்டினால் இன்னும் நல்லது. கட்டியின் அடி அகலமாக இருந்தால் பிடுங்கும்போது மேலேயுள்ள மணலையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும். மணல் சரிந்தால் பலகை வைத்து அடையுங்கள். கலவை 1:2:4. நேராக வெட்டிய கிடங்குக்கு ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஒன்றரை, மணல் மூன்றே முக்கால் கன அடி, முக்கால் அங்குலச் சல்லி ஏழரைக் கன அடி. கட்டி ஐந்நூறு கிலோவுக்கு மேல் நிறை வரும். கிடங்கிலிருந்து எடுத்த கடல் மணலையே கலவைக்குப் போட்டுவிடாதீர்கள். உப்பு உள்ளேயிருக்கும் கம்பியைத் தின்றுவிடும். ஆற்று மணல் வாங்குங்கள்.

வளையத்துக்கு 20 மில்லிமீற்றர் வழுவழுப்பான உருண்டைக் கம்பி நாலரை அடி. கட்டிட வேலைக்கான முறுக்குக் கம்பி வேண்டாம், சூடாக்கி வளைத்தால் அதன் பலம் குறையும். வெல்டிங் கடையில் ப வடிவத்தைக் கவிழ்த்தது போல வளைத்து, இரண்டு கால்களின் நுனியையும் நாலு அங்குலம் வெளிப்பக்கம் மடித்து, கால்களுக்குக் குறுக்கே 12 மில்லிமீற்றர் கம்பி இரண்டு துண்டு ஒட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் வளையத்துக்குள் அலவாங்கைக் கொடுத்துத் திருகி எடுக்கலாம்.

வளையம் நிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நின்றால் கிரைண்டருக்கு வாய்ப்பு, உங்கள் கால் விரலுக்கும் ஆபத்து. கட்டியின் மேற்பரப்பில் ஆறு அங்குலச் சதுரம், நாலு அங்குல ஆழத்தில் ஒரு குழி விட்டு அதற்குள் வளையத்தை நிறுத்துங்கள். அந்தக் குழிக்குள் கிரைண்டரை இறக்கி, அதன் தட்டைக் கம்பியில் பிடிப்பது கடினம். குழிக்குள் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதால், கொங்கிரீட் போடும்போதே அரை அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் குழியின் அடியிலிருந்து கட்டியின் அடிமணல் வரை நிறுத்திவிடுங்கள். குழாயின் வாயைக் கடதாசியால் அடைத்துவிட்டு, காய்ந்தபின் எடுக்கலாம்.

கலவை ஊற்ற முதல் வாங்கப்போகும் சங்கிலியின் ஒரு கண்ணியை அந்த வளையத்துக்குள் விட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு சங்கிலி நுழையவில்லை என்று தலையில் கைவைப்பவர்கள் அதிகம்.

ஆடி, ஆவணியில் செய்யுங்கள். மாரி தொடங்கினால் உங்கள் பக்கம் இரண்டடியில் தண்ணீர் ஊறும். தண்ணீர் நிற்கிற கிடங்கில் ஊற்றிய கொங்கிரீட்டில் சீமெந்து கழுவுப்பட்டுப் போகும். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைத்து, ஒரு மாதம் கழித்துப் பாவிக்கத் தொடங்குங்கள்.

சங்கிலி எத்தனை மில்லிமீற்றர்? ஹார்ட்வெயார் கடையில் கிலோ கணக்கில் விற்பது நல்லதா?
*வாசகர், கல்முனை*

கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் வெள்ளைச் சங்கிலி மாடு கட்ட நல்லது. அது மென்னிரும்பு. மூன்றடிப் போல்ட் கட்டர் பத்து மில்லிமீற்றர் மென்னிரும்பைச் சத்தமே இல்லாமல் நறுக்கிவிடும். கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத அந்தக் கருவிக்குத்தான். பட்டரிக் கிரைண்டர் எதையும் அறுக்கும், ஆனால் தீப்பொறி பறக்கும், தெரு நாயெல்லாம் எழும்பும். கள்ளனைக் கிரைண்டர் எடுக்க வைப்பதுதான் உங்கள் வேலை.

அதற்குச் சூடேற்றி இறுக்கிய, சதுரமோ அறுகோணமோ குறுக்குவெட்டுள்ள பூட்டுச் சங்கிலி வேண்டும். 13 மில்லிமீற்றர் என்றால் கையால் இயக்கும் கட்டருக்கு லேசில் மசியாது. பத்து, காசு குறைந்தவர்களுக்கு. எட்டுக்குக் கீழே போகவேண்டாம். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும், ஹார்ட்வெயார் கடையில் அருமை. அரத்தால் ஓரிடத்தில் உரசிப் பாருங்கள். அரம் கடித்து இழைத்தால் மென்னிரும்பு, வழுக்கினால் இறுக்கிய இரும்பு.

அப்படி வாங்கிய சங்கிலியின் கண்ணியை வளையத்தோடு வெல்டிங் பண்ணி நிறுத்திவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வெல்டிங் சூட்டில் இறுக்கம் போய்விடும். அந்த ஒரு கண்ணி மட்டும் மாட்டுச் சங்கிலியாகிவிடும். ஒரு முனையில் பெரிய கண்ணி உள்ள சங்கிலியை வாங்கி, மற்ற முனையை அதற்குள் விட்டுச் சுருக்குப் போட்டு எடுப்பதுதான் முறை.

சங்கிலி நிலத்தில் கிடக்கக்கூடாது. கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றி, மற்றதில் ஆள் பாரம் முழுவதையும் ஏற்றி நறுக்கலாம். தொங்கினால் கை பலம் மட்டும்தான். ஆகவே தொய்வில்லாமல், முடிந்தளவு குட்டையாக இழுத்துப் பூட்டுங்கள். ஒன்றரை மீற்றர் எடுத்தால் அநேகமாக எல்லா வண்டிக்கும் போதும். பெயின்ட் உராயாமலிருக்கச் சைக்கிள் ரியூப்பைச் சங்கிலிக்கு மாட்டுவார்கள், அதற்குள் ஈரம் நின்று கறள் பிடிக்கும். துணியுறை பரவாயில்லை, அதையும் மாதம் ஒருமுறை கழற்றிக் காயவிட வேண்டும்.

ஆமைப்பூட்டில் கொக்கி முழுதாகத் தெரிகிற ரகம் வேண்டாம். இரண்டு பக்கமும் தோள் உயர்ந்து, கொக்கியின் கொஞ்ச இடம் மட்டும் வெளியே தெரிகிற ரகத்தை வாங்குங்கள். கட்டரின் வாய் அதற்குள் போகாது. சங்கிலி பதின்மூன்று, பூட்டின் கொக்கி எட்டு என்று வாங்குவதும் வீண் செலவு. மெலிந்த இடத்தைத்தான் வெட்டுவான்.

டிரக்டர் பெட்டிக்கு உருண்டைக் கொழுக்கி இல்லை, வெறும் ஓட்டையும் ஊசியும்தான். போகத்துக்குப் போகம் வட்டையிலும் வீட்டிலும் மாறி மாறி நிற்கும். எப்படிப் பூட்டுவது?
*வாசகர், அக்கரைப்பற்று*

ஊசிக் கொழுக்கிக்குப் பூட்டுப் போடுவதில் பெரிய பலன் இல்லை. ஓட்டையை அடைத்தாலும் கயிற்றில் கட்டி இழுப்பார்கள். சில்லைப் பிடியுங்கள். ரிம்மில் உள்ள துளை வழியே சங்கிலியை விட்டு, அச்சையும் சட்டத்தையும் சுற்றி எடுத்துப் பூட்டுங்கள். ரிம்மை மட்டும் சுற்றினால் சில்லைக் கழற்றிச் சங்கிலியோடு ஓரமாக வைத்துவிட்டுப் போவான். இரண்டு சில்லுக்கும் செய்யவேண்டும், காலையில் கழற்ற மறக்கவும் கூடாது. திறப்பு வளையத்தோடு டிரக்டரின் திறப்பையும் சேர்த்துக் கோத்தால் மறதி வராது.

வட்டையில் கொங்கிரீட் கட்டி போடமுடியாது. வாடிக்கு அருகே பெரிய மருதமோ வேறு உறுதியான மரமோ இருந்தால் அடிமரத்தோடு கட்டலாம். அப்படி இல்லாத வெட்டவெளியில் பெட்டியை இரவில் விடுவதைவிட, எப்பாடுபட்டாவது வீட்டுக்குக் கொண்டுவருவதே மேல். லேண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருப்போரும் கேட்டிருந்தார்கள்: சுழற்றிக் கிளப்பும் கைப்பிடியையும் வீ பெல்ட்டுகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் நாலு போல்ட்டில் நிற்பதால், அதில் இரண்டுக்காவது பூட்டு நட்டுப் போடுங்கள். முழு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போவதைவிட எஞ்சினை மட்டும் கழற்றித் தூக்குவது அவனுக்குச் சுகம்.

அறுகம்பேயில் வாடகைக்கு விடும் சிறிய கரவன் ஒன்று இருக்கிறது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வீட்டில் சும்மா நிற்கும். கைப்பிரேக்கை இழுத்து, இரண்டு சில்லும் பூட்டிவிட்டால் சரிதானே?
*வாசகர், பொத்துவில்*

பூட்டு சரி, கைப்பிரேக் பிழை. மாரி ஈரத்தில் மாதக்கணக்கில் பிரேக் இறுகி நின்றால் பிரேக் சப்பாத்து (டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு) டிரம்மோடு ஒட்டிவிடும். சித்திரையில் இழுக்கும்போது சில்லு சுழலாமல் தேய்த்துக்கொண்டு வரும். பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அணை கொடுத்து, பிறகு சில்லுப் பூட்டைப் போடுங்கள். மாதம் ஒருமுறை பூட்டைக் கழற்றி, வண்டியைக் கால்வட்டம் உருட்டி நிறுத்துங்கள். டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது, பூட்டும் இறுகிப் பிடிக்காது.

நாலு மூலையிலும் இறக்கி வைக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். அவற்றில் வண்டியின் பாரத்தை ஏற்றிவிட்டுச் சில்லைக் கழற்றி ஒளித்து வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம், கால் வளையும், தரை கிழியும். சில்லைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள்.

உள்ளே மெத்தை, பட்டரி, அடுப்பு எல்லாம் எடுத்துவிட்டு, திரைச்சீலையையும் அலுமாரிக் கதவுகளையும் திறந்து விடுங்கள். வெறும் கூடு என்று யன்னலால் பார்த்தாலே தெரிந்தால் யன்னலை உடைக்கமாட்டான்.

உப்புக் காற்றில் ஆமைப்பூட்டு ஆறு மாதத்தில் இறுகிவிடுகிறது. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று.
*வாசகி, களுவாஞ்சிக்குடி*

தேங்காயெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் இரண்டும் வேண்டாம். முதல் வாரம் சுகமாகத் திறக்கும், பிறகு மணலும் உப்பும் ஒட்டிக் களியாகும். ஈரத்தை விரட்டும் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு, கிராபைட் தூளை ஊதிவிடுங்கள். திறப்பு வாய் நிலத்தைப் பார்த்தபடி பூட்டுங்கள். கடலுக்கு மிகக் கிட்ட என்றால் பித்தளை உடம்பும் துருப்பிடிக்காத கொக்கியும் உள்ள பூட்டு நீண்டகாலம் இருக்கும், ஆனால் அந்தக் கொக்கி இறுக்கிய இரும்பை விட மென்மை. அதைக் கேற்றுக்குப் போடுங்கள். வண்டிக்கு இரும்புப் பூட்டும், மாதம் ஒருமுறை பராமரிப்பும்.

எங்கள் கேற் பத்தடி, பூட்டு நல்லது. ஆனாலும் போன மாதம் பக்கத்து வளவுக் கேற்றை யாரோ பூட்டோடு தூக்கி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். எப்படி?
*வாசகர், வாழைச்சேனை*

பிணைச்சலில் இருந்து மேலே தூக்கியிருப்பார்கள். இரண்டு பிணைச்சல் ஊசியும் மேல்நோக்கி நின்றால் இரண்டு பேர் கேற்றை உயர்த்தினாலே கழன்றுவிடும். கேற்றை மாட்டிய பிறகு மேல் ஊசியின் தலையில் ஒரு வாசரை வெல்டிங் பண்ணிவிடுங்கள், அல்லது மேல் ஊசியை மட்டும் கீழ்நோக்கித் திருப்பி ஒட்டச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை.

பத்தடி வாயில் என்றால் நடுவில் கழற்றக்கூடிய தூண் ஒன்றும் நிறுத்தலாம். மூன்று அங்குல ஜிஐ குழாய், உள்ளே கொங்கிரீட் நிரப்பியது, நிலத்துக்குள் பதித்த உறைக்குள் இறங்கி ஆமைப்பூட்டில் நிற்கும். இரு பக்கமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வரும். ஆறடி அகலப் பெட்டி போகாது, மோட்டார் சைக்கிள் போகும்.

இரண்டு கமெரா பூட்டியிருக்கிறோம். இரவில் பார்த்தால் வெள்ளையாக ஏதோ பறக்கிறது, வாகன இலக்கம் தெரியவில்லை. எச்சரிக்கை மணியும் சும்மா சும்மா அடிக்கிறது.
*வாசகர், ஏறாவூர்*

பறப்பது பூச்சியும் சிலந்தி நூலும். கமெராவின் அகச்சிவப்பு வெளிச்சம் கிட்ட உள்ள நூலில் பட்டுத் திரும்புகிறது. கிழமைக்கு ஒருமுறை தும்புத்தடியால் தட்டுங்கள். அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, கமெராவிலிருந்து தள்ளி வேறு இடத்தில் ஒரு மின்குமிழ் போட்டால் படம் நிறத்தோடும் தெளிவாகவும் வரும்.

முற்றம் முழுவதையும் காட்டும் அகலமான லென்ஸில் இலக்கத் தகடு வாசிக்கவே முடியாது. அதற்கு ஒடுங்கிய லென்ஸுள்ள தனிக் கமெரா ஒன்று கேற்றைப் பார்த்து, ஆள் உயரத்தில் வேண்டும். பதிவுப் பெட்டியை ரீவிக்குக் கீழே வைக்காதீர்கள், கள்ளன் முதலில் அதைத்தான் எடுப்பான். அலுமாரிக்குள் காற்றோட்டம் விட்டுப் பூட்டி, கரண்ட் போனாலும் ஓட ஒரு யூபிஎஸ்ஸும் கொடுங்கள்.

மணிக்குக் காரணம் பல்லி. அசைவறியும் கண்ணில் பல்லி ஓடினால் அதற்கு யானை ஓடினதாகத்தான் தெரியும். அந்தக் கண் உடல் சூட்டின் வேறுபாட்டைப் பார்த்து வேலை செய்வது, ஆகவே பங்குனி, சித்திரை வெயிலில் பகல் நேரம் ஆளையே தவறவிடும். வண்டிக்கு என்றால் சரிவறியும் மணி மேல். சட்டத்துக்குள் பூட்டினால் வண்டியை ஜாக்கால் தூக்கியவுடனே அடிக்கும், பல்லியும் பூனையும் அதற்குப் பொருட்டில்லை.

ஜிபிஎஸ் கருவி போட்டால் பூட்டெல்லாம் தேவையா?
*வாசகர், செங்கலடி*

தேவை. ஜிபிஎஸ் களவைத் தடுக்காது, போன பிறகு தேட உதவும். வாங்கும்போது மின்பாவனையைக் கேளுங்கள். 30 மில்லிஅம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி குடிக்கும். 70 அம்பியர் மணி பட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால் ஏழு கிழமைக்குள் முடிந்துவிடும். சும்மா நிற்கும் வண்டிக்குச் சிறிய சூரியத் தகடு ஒன்று போடுங்கள், அல்லது வண்டி அசைந்தால் மட்டும் விழிக்கும் ரகத்தை வாங்குங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே ஒளித்தால் செய்மதியைப் பார்க்காது. பிளாஸ்டிக்குக்கோ பைபருக்கோ பின்னால் வையுங்கள். உள்ளேயிருக்கும் சிம்முக்கு மாதாமாதம் ரீலோட் பண்ண யாரையாவது பொறுப்பாக்குங்கள். களவு போன அன்றுதான் சிம் செத்தது தெரியவருகிறது. சாவிக்கொத்தில் போடும் சின்ன வில்லைகள் பக்கத்தில் போகிறவர்களின் போன் வழியாகத்தான் இடம் சொல்லும். மட்டக்களப்பு நகருக்குள் சரிவரலாம், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வெளியில் நம்பமுடியாது.

மகள் குடும்பம் இங்கிலாந்தில் பாவித்த கரவன் ஒன்று வாங்கப்போகிறது. வீட்டு வாசலில்தான் நிற்குமாம். எதைப் பார்க்கச் சொல்ல?
*வாசகி, திருக்கோவில்*

அங்கே 1992 முதல் உற்பத்தியான கரவன்களுக்குக் 'கிறிஸ்' என்ற பதிவு உண்டு. 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளம் சட்டத்திலும் யன்னல் கண்ணாடிகளிலும் பொறித்திருக்கும். எல்லா யன்னலிலும் ஒன்றேயா, எங்காவது சுரண்டியிருக்கிறதா என்று பார்த்து, அந்த இலக்கத்தைக் கொடுத்துக் களவு, கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்த பிறகே காசு கொடுக்கச் சொல்லுங்கள்.

'அல்கோ' நிறுவனத்தின் அடிச்சட்டமுள்ள வண்டிகளுக்கு, ரிம் வழியாகப் போய்ச் சட்டத்திலுள்ள உறைக்குள் திருகி இறங்கும் சில்லுப் பூட்டு வரும். மிக நல்லது. ஆனால் சில்லு சரியான கோணத்தில் நின்றால்தான் துளை பொருந்தும். ரிம்முக்கு ஏற்ற அளவையும் பார்த்து வாங்கவேண்டும். மற்றப் பூட்டுகளில் 'சோல்ட் செக்யூர்' சோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் எந்தப் பூட்டு எழுதியிருக்கிறதோ அந்தப் பூட்டைப் போடாவிட்டால் பணம் மறுக்கப்படலாம், ஆகவே பற்றுச்சீட்டும் திறப்புகள் எல்லாமும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பெட்டி களவு போனால் காப்புறுதி கிடைக்குமா? முதலில் யாரிடம் போவது?
*வாசகர், அம்பாறை*

மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் களவுக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றாலும் டிரக்டருக்கு எடுத்தது பெட்டிக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

போனது தெரிந்தவுடன் 119க்கு அழைத்துவிட்டு, உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுங்கள். கையில் வேண்டியவை: பதிவிலக்கம், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சட்ட இலக்கம், நாலு பக்கமும் எடுத்த படம், உங்கள் இரகசிய அடையாளம். அடையாளத்தை இன்றே போடலாம். பெட்டியின் தரைக்குக் கீழே, குனிந்தாலும் தெரியாத குறுக்குச் சட்டத்தில் பதிவிலக்கத்தை வெல்டிங் கோடாக எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் மாற்றினாலும் போகாது, அரைத்தால் தழும்பு நிற்கும். தயாரித்தவர் பொறித்த சட்ட இலக்கத்துக்குக் கிட்டவும் போகவேண்டாம். அதில் கை வைத்தால் பிறகு நீங்களே பதில் சொல்லவேண்டி வரும்.

அன்றைக்கே செய்யவேண்டிய இன்னொன்று, வழியிலுள்ள பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் கமெராப் பதிவைக் கேட்பது. கொள்ளளவு நிறைந்தால் பழையதின் மேல் புதியது பதிவாகிவிடும். கரையோரத்திலிருந்து பெட்டியோடு தூரப்போகப் பெரிய வீதிகள் சிலதான்: பொத்துவில் பக்கம் ஏ4, செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் ஏ5, திருக்கொண்டியாமடு வழியாகத் திருகோணமலைக்கு ஏ15, ஹபரணைக்கு ஏ11. ஆளாளுக்கு ஒரு வீதியைப் பிரித்துக்கொண்டு போங்கள். பதிவு வைத்திருப்பவர் கொடுக்கத் தயங்கினால் அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நேரத்தையும் கடையையும் முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், பொலிஸ் போய்க் கேட்டுக்கொள்வார்கள்.

நாய் வளர்த்தால் போதாதா?
*வாசகர், மண்டூர்*

நாய் நல்லது. திருவிழா இரவில் ஊரே கோயிலில் நிற்கும்போது அது குரைப்பதைக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும்.